ஒரு கட்டு விறகு 50 ரூபா

2024 கார்த்திகை வெள்ளத்துக்கு நாங்கள் மட்டக்களப்பில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து இரவு இருந்தோம். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திப்போட்ட மழை அது. முதல் மூன்று நாளும் சமைத்த சாப்பாடு வந்தது. நாலாம் நாள் உலர் உணவாகக் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன். அன்று பின்னேரம் தாழ்வாரத்துக் கோடியில் ஒரு பிள்ளை, பதின்மூன்று பதினாலு வயதிருக்கும், மூன்று கல்லை வைத்து ஈர வேப்பங்கொப்பை ஊதிக்கொண்டிருந்தது. காற்றுக்கு மறைப்பாகக் குடையை விரித்து வைத்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். பற்றவைக்கிறதுக்கென்று பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பக்கத்தில் வைத்திருந்தது. நான் போய் அந்த ரியூப் துண்டுகளைப் பொறுக்கி மழைக்குள் எறிந்துவிட்டு, "ஆரு மனே உன்ன இதுக்கு விட்டது?" என்று கேட்டேன். "அம்மா தம்பிய வச்சிருக்கா. கொள்ளி பாக்கிறது நான்தான்" என்றது. எங்கள் பக்கத்தில் விறகைக் கொள்ளி என்றுதான் சொல்வோம். அந்த "நான்தான்" இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்கு 2007 வந்துவிட்டது. இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்ர பேரப் போடாதீங்க" என்றாள். அவளுடைய பெயரும் போடவில்லை, என்னுடையதும் போடவில்லை.

2007 மார்ச்சில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்குள் வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து சனம் எல்லாம் மண்முனைத்துறையைப் பார்த்து ஓடியது. அப்போது அங்கே பாலம் கிடையாது, பாலம் வந்தது 2014ல்தான். வாவியைக் கடக்க வரிசையில் நின்ற அந்த நேரம் எவ்வளவென்று எனக்கு இன்றைக்கும் கணக்கில்லை. கணவர் கட்டாருக்குப் போய் ஆறு மாதம், அனுப்புகிற காசு ஏஜென்சிக் கடனுக்கே சரி. என்னோடு வந்தது மாமி, பன்னிரண்டு வயது மகள், நாலு வயது மகன். கையில் எடுத்தது அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, என் தோடு, ஒரு பை அரிசி. எடுக்காமல் விட்டது கத்தி, நெருப்புப்பெட்டி, மூடியோடு ஒரு பானை. அந்த நேரத்தில் கத்தியைப் பற்றி யார் நினைப்பார்கள்? இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் உறையோடு ஒரு கத்தி, பிளாஸ்டிக் போத்தலுக்குள் இறுக்கி அடைத்த நெருப்புப்பெட்டி, மூடியுள்ள அலுமினியச் சட்டி ஒன்று. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறதுகள். சிரிக்கட்டும்.

எங்களைக் கொண்டுபோய் இறக்கியது ஆரையம்பதிப் பக்கம் கடலோரமாக ஒரு வெறுங்காணியில். அந்த மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்து இருந்தார்கள். வடக்கே வாகரையிலிருந்து ஓடிவந்த சனம் எங்களுக்கு முதலே வந்து பள்ளிக்கூடங்களை நிறைத்திருந்தது. சட்டப்படி நாங்கள் உள்ளூரில் இடம்பெயர்ந்தவர்களாம். ஆனால் கடைக்காரன் முதல் பஸ் கொண்டக்டர் வரை எல்லார் வாயிலும் அகதிதான். வெள்ளைக் கூடாரம், பாய், தண்ணீர்க் கான், சமையல் பாத்திரம் ஒரு தொகுதி, மறுகா நிவாரணம். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. பொய் சொல்லக்கூடாது, சாப்பாட்டுச் சாமான் முறையாக வந்தது. முதல் நிவாரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று எனக்குச் சந்தோசம்தான். கூடாரத்துக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவையும் அவிக்க என்னிடம் ஒரு ஈர்க்கில் இல்லை. கடற்கரை மணல். சுனாமி அடித்து இரண்டு வருடம், மரமென்று நின்றது பக்கத்துக் காணிகளின் தென்னையும் தூரத்தில் ஒரு சவுக்கந்தோப்பும்.

முதல் கிழமை அந்த ஊர்ச் சனமே தென்னமட்டை, சிரட்டை, பொச்சு என்று கொண்டுவந்து தந்தது. அதை மறக்கமாட்டேன். ஆனால் நூற்றுக்கணக்கான அடுப்பு எரிகிற இடத்தில் ஒரு தென்னந்தோட்டம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டாம் கிழமை வேலிக்கதிகால் காணாமல் போகத் தொடங்கியது, மூன்றாம் கிழமை காணிக்காரர்கள் ஏசத் தொடங்கினார்கள். அவர்களையும் பிழை சொல்ல முடியாது, நானே ஒருநாள் விடியப்புறம் ஒருவரின் வேலியிலிருந்து இரண்டு கம்பு இழுத்தேன். வீடு வளவோடு இருந்த மனுசி, அன்றைக்குக் கள்ளி. அந்த இரண்டு கம்பில் கஞ்சிதான் காய்ச்சினேன்.

மறுகா விறகு விலைக்கு வந்தது. சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு கட்டு 50 ரூபா. பெருவிரலும் நடுவிரலும் சேர்த்துப் பிடிக்கிற மொத்தத்தில் ஏழெட்டுக் கம்பு. அதுவும் உள்ளே பச்சை, வெளியே காய்ந்தது. எனக்கு ஒரு கட்டு ஒரு நாளைக்குத்தான் வந்தது. முதல் மாதம் விறகுக்கு மட்டும் 1,250 ரூபா. அப்போது கூலிக்குப் போனால் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா தந்தார்கள், அதுவும் கிடைக்கிற நாளில். காசில்லாத கிழமை நிவாரண மாவைக் கிலோ 30 ரூபாவுக்கு விற்று விறகு வாங்கினேன். கடையில் அந்த மா அதைப்போல இரண்டு மடங்கு. பசிக்குத் தந்ததை நெருப்புக்கு விற்றேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் புத்திகெட்ட வேலை போலத்தான் இருக்கும். பச்சை அரிசியைப் பிள்ளை மெல்லுமா? ஒருமுறை முழுக் கடலை தந்தார்கள். நனைய வைக்காமல் போட்டுவிட்டேன். ஒன்றரைக் கட்டு விறகு எரிந்தது, கடலை கல்லுப்போலவே கிடந்தது. அன்றைக்கு அழுதது போல நான் ஊரைவிட்டு வந்த அன்றும் அழவில்லை.

இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்த ஒரு கட்டை இரண்டு நாளைக்குக் கொண்டுபோயிருப்பேன். கடலை, பயறு எதுவானாலும் முதல் நாள் இரவே ஊறவேண்டும், பருப்பென்றாலும் ஒரு மணித்தியாலம். மூடி இல்லாமல் எதையும் கொதிக்க வைக்கக்கூடாது. எங்களுக்குத் தந்த பெரிய சட்டிக்கு மூடி இல்லை, நான் இரண்டு மாதம் கழித்துத்தான் பிஸ்கட் தகரத்தை வெட்டி மூடினேன். விறகைப் பெருவிரல் மொத்தத்துக்குப் பிளந்து, அடுப்படியைச் சுற்றி அடுக்கிவைத்தால் இன்றைய நெருப்பிலேயே நாளைய விறகு காயும். மூன்று பக்கமும் மண்ணால் அணைகட்டினால் காற்று நெருப்பை இழுத்துக்கொண்டு போகாது. சமையல் முடிந்ததும் மீதிக் கொள்ளிக்குத் தண்ணீர் ஊற்றாமல் மணலுக்குள் புதைத்துவிடுங்கள், கரி மிச்சம். சோறு நன்றாகக் கொதித்து ஐந்து நிமிசம் ஆனதும் இறக்கி, மூடியோடு சாக்கிலும் பழந்துணியிலும் சுற்றி வைக்கோல் போட்ட பெட்டிக்குள் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் தானாக வெந்துவிடும். மீன், இறைச்சிக்கு இதைச் செய்யாதீர்கள், பழுதாகிப் போகும். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு அடுப்பில் ஆக்கினால் விறகு பாதியாகும். ஆனால் அதற்கு மனம் ஒத்துவரவேண்டும். எங்கள் வரிசையில் உப்புக் கூடிப்போன சண்டையிலேயே இரண்டு கூட்டு அடுப்பு பிரிந்தது.

இரண்டாம் மாதம் தோட்டை அடகு வைத்தேன். அரைப் பவுன், 5,000 ரூபா தந்தார்கள். அதில் 1,400 கொடுத்து ஒருவர் பாவித்த மண்ணெண்ணெய்க் குக்கர் ஒன்று வாங்கினேன். இனிப் பிள்ளையை விறகுக்கு விடத் தேவையில்லை என்ற நினைப்பு. பத்தாம் நாள் கஞ்சி பாதியில் இருக்கும்போது நெருப்பு மங்கியது. அணைத்தேன், ஆறவிடவில்லை. சூட்டோடு மூடியைத் திறந்து எண்ணெயை ஊற்றினேன். குப்பென்று பற்றியது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கூடாரத்தின் ஒரு பக்கச் சீலை, பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பு. மாமி மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தா. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் பற்பசையைக் கொண்டுவந்து கை முழுக்கப் பூசிவிட்டார், நல்ல மனதோடுதான். ஆஸ்பத்திரியில் மிஸி அதைச் சுரண்டி எடுத்த நோவு சுட்ட நோவை விடப் பெரிது. நெருப்புச் சுட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிசம் பிடியுங்கள், வேறு ஒன்றும் பூசாதீர்கள். குக்கருக்கு எண்ணெய் விடுகிறதென்றால் அணைத்து, கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஆறின பிறகுதான், அதுவும் கூடாரத்துக்கு வெளியே. எரிகிற விறகுக்கு மண்ணெண்ணெய் தெளிப்பதும் இதே கதைதான். அந்தக் குக்கர் போனது, தோடு மீளவில்லை. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனது. கட்டாரிலிருந்து இவர் தொலைபேசிக் கடைக்கு, அந்தக் கொமினிகேசனுக்குக் கோல் எடுத்தபோது கையைப் பற்றிச் சொன்னேன், தோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

கை கட்டுப்போட்ட அந்தக் கிழமைதான் மகளை மறுபடியும் விறகுக்கு விட்டேன். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பின்னேரம்தான். காலையில் மூன்று நாலு பிள்ளைகள் சேர்ந்து சவுக்கந்தோப்புக்குப் போகும். போக வர மூன்று மணித்தியாலம், கொண்டுவருவது சுள்ளியும் சருகும். ஒருநாள் நல்ல கட்டு ஒன்றோடு வந்தாள். ஒரே நீளம், ஒரே மொத்தம், காய்ந்த விறகு. "என்ர ராசாத்தி, இண்டைக்குத்தான் கொள்ளி மாதிரிக் கொள்ளி கொண்டந்திருக்காய்" என்று கட்டிப்பிடித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் அதேபோல ஒரு கட்டு. மூன்றாம் நாள் காலை எழும்பி, "அம்மா, இண்டைக்கு மாவையும் சீனியையும் கரைச்சுக் குடிப்பம். அடுப்பு மூட்ட வேணாம்" என்றாள். பிள்ளைக்கு அலுப்பாக்கும் என்று நினைத்தேன். அன்று இரவு மிச்ச விறகை அடுக்கும்போது ஒரு கம்பின் நுனி என் கையில் பட்டது. குப்பிலாம்பைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். எல்லாக் கம்பும் சரிவாக, ஒரே வெட்டில் விழுந்த வெட்டுவாய். எங்கள் கூடாரத்தில் கத்தியே இல்லை. பொறுக்கப் போகிற ஒரு பிள்ளையிடமும் கத்தி இல்லை.

மெல்ல மெல்லக் கேட்டபோது சொன்னாள். மோட்டர்சைக்கிளில் ஒருவன் வருவானாம். வெட்டின விறகைப் பாதையோரம் வைத்துவிட்டு இவளைக் கூப்பிட்டுக் கொடுப்பானாம். பெயரென்ன, எத்தனையாம் கூடாரம், அப்பா எங்கே என்று கேட்டானாம். இரண்டாம் நாள், "மத்தப் புள்ளையளுக்குக் குடுக்கப் போதாது, நாளைக்கு நீ தனிய வா" என்றிருக்கிறான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கடவுளே, நடக்கவில்லை. "ஏன் மனே அண்டைக்கே சொல்லல்ல?" என்று கேட்டேன். "நீங்க கொள்ளியப் பாத்து அவ்வளவு சந்தோசப்பட்டீங்கதானே" என்றாள். பதினெட்டு வருடமாகிவிட்டது. இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

மாமி, "வாய் திறக்காத புள்ள, குமராகப்போற பெட்டையிட பேர் கெட்டுடும்" என்றா. நானும் நாலு நாள் வாய் திறக்கவில்லை. அந்த நாலு நாளும் அவன் வேறு பிள்ளைக்கு விறகு கொடுத்திருக்கிறான். இது எனக்குத் தெரிய வந்தது ஐந்தாம் நாள், தண்ணீர்த் தாங்கியடியில் பக்கத்து வரிசை அக்காவிடம் பொறுக்கமுடியாமல் சொன்னபோது. அவ கானைக் கீழே வைத்துவிட்டு, "என்ர மகளிட்டயும் அப்பா எங்க எண்டுதான் கா கேட்டவன்" என்றா. மறைத்தது நான், அவனுக்கு வசதியாகிப் போனதும் என்னால்தான். இதற்கு நான் கண்ட வழி, முகாமுக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற குடும்பநல மாதுவிடம் போனதுதான். பெயர் சொல்லாமல் விசயத்தை மட்டும் அவ முகாம் குழுவில் எடுத்துவைத்தா. ஆண்களே நிறைந்த கூட்டம் அது. நான் போயிருந்தால் வாய் வந்திருக்காது. இப்போதென்றால் பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அன்று அந்த மிட்வைப் மிஸிதான் எங்களுக்கு எல்லாம்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை விடுவதை நிறுத்தினோம். வயது வந்த பெண்கள் எட்டுப் பேர், கிழமைக்கு இரண்டு நாள், விடிந்து வெயில் ஏறுமுன் போய்வருவது. ஒருவர் விசில் வைத்திருப்பா, யார் போனது யார் வந்தது என்று மற்றவ எண்ணுவா. பாதையை அடிக்கடி மாற்றினோம். அந்த மோட்டர்சைக்கிளைப் பிறகு காணவில்லை. சும்மா விறகு தாறேன் என்று எவன் வந்தாலும், அவன் சீருடையில் வந்தாலும் சேர்ட்டில் வந்தாலும், வாங்குவதென்றால் எல்லாரும் பார்க்க, எல்லாருக்குமாக வாங்குங்கள். உங்கள் பிள்ளை கொண்டுவருகிற விறகைத் தினமும் ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். நேரம் பிந்தினாலும் கேளுங்கள், நேரத்துக்கு முந்தி வந்தாலும் கேளுங்கள்.

ஆனால் விறகுத் தேவையே குறைந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது, அதற்கு ஒரு காத்தான்குடி உம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மா விற்கப் போன கடைவாசலில் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி காசக் குடுத்துக் கொள்ளி வாங்குறீங்க? மரக்காலையில தூள் சும்மாதானே கிடக்கு" என்றா. மரக்காலை என்றால் மரம் அரிந்து விற்கிற இடம். அவ சொன்னது மரத்தூள் அடுப்பு. சின்ன வயதில் ஊரில் உமியில் எரித்ததைப் பார்த்திருக்கிறேன், மறந்தே போனேன். ஒரு பெரிய பிஸ்கட் தகரம் எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு தடியை நடுவரை செருகி, தடியின் நுனியில் முட்டுகிற மாதிரி ஒரு சோடாப் போத்தலை நட்டமாக நிறுத்தவேண்டும். சுற்றிவர மரத்தூளைப் போட்டுப் போட்டு இறுக்கவேண்டும். கையால் அமத்தினால் காணாது, உலக்கை நுனியால் இடிக்கவேண்டும். பிறகு போத்தலை மெல்லத் திருகித் திருகி மேலே எடுத்து, தடியையும் உருவினால் தகரத்துக்குள் ஒரு புகைபோக்கி மாதிரி வழி கிடைக்கும். கீழ் ஓட்டையால் ஒரு கொள்ளித் துண்டைப் பற்றவைத்துத் தள்ளினால் சரி. பானை தகர விளிம்பில் நேரே குந்தக்கூடாது, மூன்று சின்னக் கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றோட்டமில்லாமல் புகைந்தே செத்துவிடும். நன்றாக இறுக்கியிருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊதாமல் எரியும். என் முதல் அடுப்பு கால் மணித்தியாலத்தில் இடிந்து விழுந்தது. தூள் ஈரமாக இருந்தது, இறுக்கினதும் போதாது. மூன்றாவதுதான் சரிவந்தது. ஒரு சாக்குத் தூள் நாலைந்து நாளைக்கு வரும், செலவு வாறபோற ஓட்டோக்காசு, அதையும் நாலு பேர் பங்குபோட்டோம். கடைசி இரண்டு மாதமும் விறகுச் செலவு மாதம் 200 ரூபாவுக்குள் நின்றது.

இந்த அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சித்திரை கழிந்து கச்சான் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் காற்று நெருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். சாப்பிடுகிற கச்சானைச் சொல்லவில்லை, தென்மேற்கிலிருந்து காய்ந்து அடிக்கிற காற்றைச் சொல்கிறேன். நாங்கள் அடுப்புகளையெல்லாம் காற்று கூடார வரிசையைத் தாண்டிப் போகிற பக்கம் ஒரே கொட்டிலுக்குக் கொண்டுபோனோம், பக்கத்தில் இரண்டு வாளி மணல். புகையும் பிள்ளைகளின் படுக்கையை விட்டுப் போனது. மாமிக்கு இருந்த இருமல் கொஞ்சம் தணிந்தது, முழுதாக அவ சாகும்வரை விடவில்லை. அடுப்புப் புகையால் உலகத்தில் வருடத்துக்கு 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்று 2020ம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சொப்பிங் பை, ரியூப், பெயின்ற் அடித்த பலகை எல்லாம் போட்டு எரித்தால் அந்தப் புகை இன்னும் மோசம்.

நாலு மாதத்தில் ஊருக்குத் திரும்பினோம். திரும்பின பிறகும் வெடிக்காத குண்டுக்குப் பயந்து காட்டுப் பக்கம் போகவில்லை, இன்றைக்கு யானைக்குப் பயந்து போவதில்லை. கொள்ளிக்கும் எங்களுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

பல வருடம் கழித்து எங்கள் மாதர் சங்கத்துக்கு நடந்த ஒரு பயிற்சியில்தான் இது என் ஒருத்தியின் தலையெழுத்தில்லை என்று தெரிந்தது. சூடானின் டார்பூரில் 2004 ஒக்டோபருக்கும் 2005 பெப்ரவரிக்கும் இடையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சிகிச்சைக்கு வந்த, வன்புணர்வுக்கு ஆளான கிட்டத்தட்ட 500 பெண்களில் 82 வீதமானோர் விறகு, தண்ணீர் என்று அன்றாட வேலைக்குப் போன இடத்தில் பிடிபட்டவர்கள். விறகுக்குப் போகிற பெண்களோடு அமைதிப்படை ரோந்து போன காலமும் அங்கே இருந்தது. கென்யாவின் டடாப் முகாமில் விறகைக் கொண்டுவந்தே கொடுத்துப் பார்த்தார்கள். கையிருப்பு இருந்த காலத்தில் விறகுப் பாதையில் நடக்கிற கொடுமை குறைந்தது, முகாமின் மற்ற மூலைகளில் நடந்தது நிற்கவில்லை. பங்களாதேசின் கொக்ஸ் பசாரில் ரோஹிங்கியாச் சனம் காட்டை வெட்டி எரித்து, மலை மொட்டையான பிறகு 2018 முதல் எரிவாயு கொடுக்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக்கு ஒரு பிரிவு, கூடாரத்துக்கு ஒரு பிரிவு, தண்ணீருக்கு ஒரு பிரிவு என்று இருக்க, அடுப்பெரிக்கிறது யாருடைய வேலை என்பதற்கு ஆளில்லை. அதைத் தீர்க்கவென்று ஐநா அமைப்புகளும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து ஒரு செயலணி அமைத்தது 2007ல். வழிகாட்டி வந்தது 2009ல். 2007 என்று பயிற்சியாளர் பலகையில் எழுதியபோது என் கைத் தழும்பை மறு கையால் மூடிக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. இன்றைக்கு நிவாரணப் பணிக்காரர்கள் வைத்திருக்கிற ஸ்பியர் கையேட்டில் வீட்டுப் பொருட்களோடு அடுப்பும் எரிபொருளும் சேர்த்தே இருக்கிறது. தேவை கேட்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லிக் கேட்கலாம், பிச்சை இல்லை.

2022ல் எரிவாயு வரிசையில் ஊரே நின்றது. 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது, ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87லிருந்து 340 ஆனது. அப்போது என்னிடம் மரத்தூள் அடுப்புச் செய்யக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் 2007ல் என்னோடு அதே முகாமில் இருந்தவர்கள். "அத எப்பிடிக் கா இடிக்கிறது, மறந்து போச்சு" என்றார்கள். எனக்கு மறக்கவில்லை.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் கையிலிருந்த கொப்பை வாங்கிவைத்துவிட்டு நேரே கிராம சேவகரிடம் போனேன். நல்ல பொடியன், என் மகள் வயதுதான் இருக்கும், மூன்று நாளாக நித்திரை இல்லாத முகம். தேவைப் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தார். "தம்பி, இதில கொள்ளியக் காணல்லையே" என்றேன். பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். "எழுதலாம் அக்கா. ஆனா இது உணவுக்குள்ள வருமா, உணவில்லாப் பொருளுக்குள்ள வருமா? பிரதேச செயலகத்தில கேப்பாங்க."

"ரெண்டிலயும் எழுதுங்க தம்பி" என்றேன்.

சிரித்துவிட்டு இரண்டிலும் எழுதினார். அடுத்த நாள் காலை மரக்காலையிலிருந்து ஒரு உழவு மிசின் பெட்டி நிறையக் கழிவுப் பலகை வந்தது, மேலே தறப்பாள் போட்டு, நனையாமல். இறக்கமுதலே சனம் சுற்றிவிட்டது. நேற்றைய குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை முன்னுக்கு நின்றது. அதன் தாய் கைப்பிள்ளையோடு பின்னால் வந்து, "நீ போய்ப் படி, நான் எடுக்கிறன்" என்று குடையை வாங்கினா.